மணலில் கட்டிய நாய்

கட்டுமாவடிக் கடற்கரையில் நின்ற வாடகைக் கேரவனுக்குப் பின்னால், திமிறிய செவலை நாயைக் கட்டி முடித்தான் பிரசாந்த். மீன் வாங்கப் போயிருந்த மனைவி கலைமதியின் குரல் முன்பக்கம் கேட்டதும் வெடித்தான்.

"ஒன்னோட டைகர் கழுத்துப்பட்டையைக் கழட்டிட்டு ஓடிருச்சு! பிடிக்கப் போனா என்னையே கடிக்க வருது. மணல்ல முளையடிச்சா பிடுங்கிரும்னு, ஒரு சாக்குல மணலை நிரப்பி, புதைச்சு, அதுல கயித்தைக் கட்டிட்டேன். இழுத்தா மேல கிடக்குற மணலே சாக்கை அமுக்கிப் பிடிச்சுக்கும். இனி எங்கிட்டும் போகாது. நாய் வளர்த்திருக்கா பாரு!"

வண்டியைச் சுற்றி வந்த கலைமதியின் காலடியில் இன்னொரு செவலை நாய் வாலாட்டியது.

"டைகர் என் பின்னாலயே வந்துருச்சுங்க. அது யாரு வீட்டு நாயோ! குட்டி போட்ட பொட்டைன்னுகூடத் தெரியலையா? மொதல்ல அவுத்து விடுங்க. குட்டிங்க பாலுக்குக் கத்தும்."

"ரெண்டும் ஒரே நிறம். எனக்கெப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தான்.

"எப்படித் தெரியும்? வருசக்கணக்கா துபாய்ல இருந்துட்டு, போன வாரம்தானே வந்தீங்க!" கலைமதி தானே கயிற்றை அவிழ்த்தாள். "ஸ்கூல் தொறந்தா நம்ம மகளைக் கூப்பிட நீங்க தனியாப் போயிராதீங்க. வேற யாரு பிள்ளையையாவது கூட்டிட்டு வந்துருவீங்க."