பயன்பாட்டில் இல்லாத சாலை

முள்கம்பி வரைக்கும்தான் அவளால் போக முடிந்தது.

அதற்கு அப்பால் தார் இல்லை. பெயர்த்து வாரிவிட்டு உழுதிருந்தார்கள். ஈரமண் கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்தது.

புதுச் சாலை தெற்கே சுற்றிக்கொண்டு போனபிறகு பஸ் இந்தப் பக்கம் வருவதில்லை. பயன்பாட்டில் இல்லாத சாலை என்று சொல்லி, இருபக்கத்துக் காட்டுக்காரர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது அரசாங்கம்.

கல்லறைத் தோட்டத்துக்கு இருந்தது அந்த ஒரு வழி.

வாராவாரம் அவள் அதில்தான் நடந்தாள். ஒருத்தி நடப்பது பயன்பாட்டில் சேராது போலும்.

இன்று கல்லறைத் திருநாள். மடியில் மெழுகுவத்திப் பொட்டலம் இருந்தது.

உழவுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு சிலுவை தெரிந்தது. அவள் புருஷன் சூசையுடையது. மற்றவர்கள் தங்கள் ஆட்களைத் தோண்டி எடுத்து மாதா கோயிலுக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள்.

காட்டுக்காரர் தங்கவேலு மோட்டார் ரூமிலிருந்து இறங்கி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. சூசை செத்த அன்று, கேட்காமலே டிராக்டர் அனுப்பியவர்.

"எங்கப்பாகிட்ட ரோட்டுக்குன்னு புடுங்குன நெலம்க்கா. இப்பத்தான் கைக்கு வந்திருக்கு. நாளைக்கு வெதைக்கணும்."

"ஓரமா ஒத்தையடித் தடம் விட்டாக்கூடப் போதும் தம்பி."

"ஒருத்தருக்கு விட்டா அது மறுபடியும் ரோடாயிரும்க்கா."

அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆள் விடுறேன். வண்டியும் விடுறேன். இன்னைக்கே எடுத்துக் கோயில்ல வச்சிருங்க."

சிலுவைக்குப் பக்கத்தில், அடையாளம் எதுவும் இல்லாமல், இன்னொரு குழியும் இருந்தது. பிறந்த நாலாம் நாள் போனது. பெயர்கூட வைக்கவில்லை. சூசைதான் தன் துண்டில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான். அதன் பக்கத்திலேயே தனக்கும் இடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எத்தனையோ மழை பெய்துவிட்டது. பல் முளைக்காத பிள்ளை. அந்த மண்ணில் இனி எதைத் தேடி எடுப்பது?

தங்கவேலு போனில் ஆள் கூப்பிட்டார். பேச்சின் நடுவே அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தனை குழிக்கா தோண்டணும்?"

அவள் சிலுவையைப் பார்த்தாள். அதன் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.