சம்பந்தியின் கால்

"அங்கன போயி காலைத் தூக்கி எது மேலயும் வச்சிராதிய. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் உலகம்மாள், கார் கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் நான்காவது முறையாக.

"வலிக்குமே உலகு" என்றார் ஐயம்பெருமாள்.

"வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிடுங்க. சங்கரன்கோயில்ல என்ன ஆச்சு? பொண்ணோட அப்பா மூஞ்சிக்கு நேரா காலை நீட்டி வச்சிய. மட்டு மரியாதை இல்லாத குடும்பம்னு மறுநாளே சொல்லி அனுப்பிட்டாங்க. இவனுக்கு முப்பத்திமூணு நடக்கு."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகன் சிவகணேஷ் கியரை மாற்றினான்.

ஐயம்பெருமாள் விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் முப்பத்திரண்டு வருடம் நின்றே வேலை பார்த்தவர். அத்தனை வருடம் பொறுத்த கால், ரிட்டயர் ஆனதும் பழிவாங்கியது. நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, புண் வந்து எட்டு மாதமாக ஆறவில்லை. "கீழ இறங்குன ரத்தம் மேல ஏற மாட்டேங்குது, குழாய்ல உள்ள வால்வு பழுது" என்றார் பாளையங்கோட்டை டாக்டர். மருந்தைவிட இறுக்கமான கட்டும், உட்காரும்போதெல்லாம் காலைத் தூக்கி வைப்பதும்தான் முக்கியமாம்.

வியாழன்தோறும் அங்கே ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவும் சிஸ்டர் டாக்டரைவிடக் கறார். மாஸ்க்குக்கு மேலே தெரியும் இரண்டு கண்ணை வைத்தே மிரட்டுவாள். வலி தெரியாமலிருக்க ஐயம்பெருமாள் அவளிடம் வீட்டுக்கதை எல்லாம் அளந்துகொண்டிருப்பார். புண் இப்போதுதான் பாதி ஆறியிருந்தது.

"நாமளா தேடிப் போன இடமா? தரகர் கோமதிசங்கர் தானா வந்து சொன்ன இடம்" என்று உலகம்மாள் தொடர்ந்தாள். "பொண்ணு பி.எஸ்ஸி., வேலைக்கும் போவுது. இதையும் உங்க காலு கெடுத்துரக் கூடாது."

பாளையங்கோட்டையில் பெண்ணின் அப்பா குற்றாலலிங்கம் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி, உடம்பு நல்லா இருக்கியளா?"

"அவுகளுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காக. தினமும் பாபநாசம் கோயில் வரைக்கும் நடை" என்று உலகம்மாள் முந்திக்கொண்டாள்.

"அப்ப வாங்க, மொட்டை மாடியப் பாத்துட்டு வந்துருவோம்."

தண்ணீர்த் தொட்டி கட்டிய வரலாற்றை அரை மணி நேரம் நிற்க வைத்தே சொன்னார் குற்றாலலிங்கம். கீழே வந்து சோபாவில் விழுந்தபோது ஐயம்பெருமாளுக்குக் கால் விண் விண் என்று தெறித்தது. எதிரே ஒரு டீப்பாய், சரியான உயரத்தில். இலை போட்டும் சோறு வராதவனைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாளோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்குது?"

"வெயிலு" என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பெண் சித்ரலேகா காபித் தட்டோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கும் நிலையில் ஐயம்பெருமாள் இல்லை. எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவள் அவர் முன்னால் நின்றுவிட்டாள். வேட்டி ஓரத்தில் கட்டு எட்டிப் பார்த்தது, ஈரமாக.

தட்டைக் கீழே வைத்தாள். டீப்பாயை இழுத்தாள். அதன் மேல் ஒரு திண்டைப் போட்டு, அவர் காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். குற்றாலலிங்கம் ஒன்றும் புரியாமல் விழித்தார். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று உலகம்மாள் கிளம்பத் தோதாகப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் தொங்கப் போட்டா வீங்காம என்ன செய்யும்? எத்தனை வியாழக்கிழமை சொல்லுதது?"

குரலைக் கேட்டு ஐயம்பெருமாள் அப்போதுதான் நிமிர்ந்தார். மூக்கும் வாயும் புதிது. கண் இரண்டும் பழசு.

"சிஸ்டர்..."

"தினமும் காலையில நீங்க கட்டில்ல இருந்து காலைக் கீழ வைக்குமுன்னாடி உங்க மகன்தான் உங்களுக்குக் கட்டு சுத்தி விடுதாங்கன்னு சொன்னிய, ஞாபகம் இருக்கா? அன்னைக்குச் சாயங்காலமே தரகரை உங்க வீட்டுக்கு அனுப்புனது நான்தான்" என்றாள் சித்ரலேகா, தலையைக் குனிந்துகொண்டு.

உலகம்மாள் மகனை அதட்டினாள்: "ஏலே கணேசு, பாத்துக்கிட்டே நிக்கியே, அந்தத் தலகாணியையும் எடு, அப்பா காலு இன்னும் கொஞ்சம் உசரணும்."