ரெண்டு பேரும் சாப்பிடணும்

"உன்னோட அசிங்கத்துக்கு நான் மாத்திரை முழுங்கணுமா?"

ஆஸ்பத்திரிப் படி இறங்கியதுமே சின்னராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். ஆறு மாத வயிற்றைப் பிடித்தபடி பின்னால் வந்த மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

எத்தனை நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்! வெள்ளைப்பட்டு, நாற்றமெடுத்து, அரிப்பில் உயிர் போயிற்று. தேயிலைக் கொழுந்து பறிக்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம்கூட மூச்சு விடவில்லை. இன்றைக்குத்தான் லோயிஸ் டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்தாள்.

டாக்டரம்மா புருஷனையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிறது. ரெண்டு பேரும் சாப்பிடணும், இல்லேன்னா திரும்ப வரும். கவனிக்காம விட்டா குறைமாசத்துலயே வலி கண்டாலும் கண்டுடும்."

குறைமாசம் என்றதும் மாரியாயி வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மூத்தது ஏழாம் மாதமே பிறந்து ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை.

"ஏனுங்க, கொழந்தைக்காகவாச்சும் சாப்பிடுங்க."

"சுத்தமா இருந்தா இதெல்லாம் எதுக்கு வருது? எனக்கு ஒண்ணுமில்ல."

எந்தக் குளிரிலும் வெந்நீர் வைத்துத் தினம் குளிக்கிறவள்தான் மாரியாயி. இருந்தும் தன்மேல்தான் ஏதோ அழுக்கு என்று நம்பினாள். சொல்கிறவன் புருஷனாக இருந்தால் பாதிப் பெண்கள் அப்படித்தான் நம்பித் தொலைக்கிறார்கள்.

"நடுவட்டத்துக் கடையில வாங்க வேண்டாமுங்க. பொழுது சாயறதுக்குள்ள எஸ்டேட் பூராத் தெரிஞ்சு போயிரும்."

"அப்ப ஊட்டிக்குப் போலாம்."

"ஊட்டி பஸ் இப்பத்தானுங்க போச்சு. அதா, கூடலூர் பஸ் வருது. அங்க நம்மள ஆருக்குத் தெரியும்?"

"கூடலூர் வேண்டாம்!"

எதற்கு இப்படிக் கத்துகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. குழந்தை நினைப்பு உந்த, முதல் தடவையாக அவன் பேச்சை மீறி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவனும் ஏறினான்.

வழி நெடுக அவன் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தான். தன்னால்தானே இந்த மனுஷனுக்கும் தலைகுனிவு என்று நினைத்து நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது.

கூடலூரில் மருந்துக்கடையைக் கண்டதும் அவன் மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டான்.

"நீயே போய் வாங்கு. நான் இங்கயே நிக்கறேன்."

மாரியாயி யாரையும் நிமிர்ந்து பாராமல் சீட்டை நீட்டினாள். கடைக்காரர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டுக்காரரும் சாப்பிடணும்மா. கூட வந்திருக்காரா?"

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான்..." கூனிக் குறுகியபடி ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

நேரம் பார்த்து அவனும் திரும்பினான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அட, இவரா! போன மாசம் இதே மாத்திரைதானேம்மா வாங்கிட்டுப் போனாரு? சம்சாரத்துக்கும் சேர்த்து வாங்கிக்குங்கன்னு அப்பவே சொன்னேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்கன்னு சொல்லிட்டாரே!"