வீட்டு ஆள் கையெழுத்து

"வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போடணும்மா. இல்லன்னா தியேட்டர் உள்ள எடுக்க முடியாது."

மருத்துவமனை கவுன்டரில் இருந்த பெண் இதை ஐந்தாவது முறையாகச் சொன்னாள். ஷெர்லினுக்கு அந்தக் கண்ணாடித் தடுப்பை உடைத்துவிடலாம் போலிருந்தது.

"நான் போடறேன்னு சொல்லிக்கினே கீறேன்! காலையிலேர்ந்து நான்தானே கூட கீறேன்?"

"நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

"எட்டு வருசமா கம்பெனியில ஒரே லைன்ல வேல செய்றோம்."

"அது உறவு இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள்.

செந்தாமரை விழுந்தது காலை ஷிப்ட் தொடங்கிய அரைமணி நேரத்தில். ஒரகடம் கம்பெனியில் உயரமான ரேக்கிலிருந்து உதிரிப்பாகப் பெட்டியை எடுக்கும்போது ஏணி சரிந்துவிட்டது. முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் பழுது. அங்கிருந்து இங்கே வருவதற்குள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரம் நின்றது. ஸ்கேன் முடிந்தபோது மணி பதினொன்று.

"முதுகெலும்பு உடைஞ்சு நரம்ப அழுத்துது. கால்ல இன்னும் கொஞ்சம் அசைவு இருக்கு" என்று டாக்டர் சங்கரநாராயணன் அப்போதே சொல்லிவிட்டார். "இன்னிக்கே அந்த அழுத்தத்த எடுத்துட்டா நடக்க வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போடப் போட அது கொறஞ்சிக்கிட்டே போகும்."

இப்போது மணி இரண்டு.

செந்தாமரையின் கணவன் குமாரவேல் லாரி டிரைவர். நேற்றே லோடு ஏற்றிக்கொண்டு போனவனின் போன் சுவிட்ச் ஆஃப். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஓடி வந்த மாமனார் அப்பாவு, ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதிக்கொடுக்கும் ஃபாரத்தைத் தொடவே மறுத்துவிட்டார்.

"முதுகுல கத்தி வெச்சா அப்புறம் எழுந்துக்கவே முடியாதுன்றாங்கம்மா. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா என் புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது? அவன் வரட்டும்."

"அவரு வர்றதுக்குள்ள கால் போயிடும்பா!"

"போட எனக்கு மனசு வரலியே." அவர் கண் கலங்கியது. "மருமவகிட்ட இதெல்லாம் சொல்லிடாதம்மா. பயந்துக்கும்."

ஷெர்லின் உள்ளே போனாள். செந்தாமரை அசையாமல் மல்லாந்து படுத்தபடி, நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக்கா ஆபரேசன்?"

"தியேட்டர் இன்னும் காலி ஆவலியாம்டி."

இந்தப் பொய்யை அவள் சொல்வது இது மூன்றாவது தடவை. செந்தாமரை தலையாட்டிவிட்டு, "பாவம், உள்ள யாருக்கு இன்னாவோ" என்றாள்.

டாக்டர் வந்தார். போர்வையை விலக்கிக் கால் விரலைத் தொட்டார்.

"அசைங்கம்மா."

காலையில் கட்டை விரல் நன்றாகவே மடங்கியது. இப்போது லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். டாக்டர் இன்னொரு தரம் அசைக்கச் சொன்னார். அந்த நடுக்கமும் வரவில்லை.

அவர் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "இன்னுமா சைன் வரல? தியேட்டர் காலியா இருக்கு, மயக்க டாக்டர் வந்து உக்காந்திருக்காரு. மூணு மணி நேரமா ஒரே ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கிட்டிருக்கோம்!"

ஃபாரத்தோடு ஓடி வந்த கவுன்டர் பெண், "வீட்டுக்காரர் போன் இன்னும் சுவிட்ச் ஆஃப் சார். மாமனார் மாட்டேன்றாரு" என்றாள். கதவோரம் நின்ற அப்பாவு தரையைப் பார்த்தார்.

செந்தாமரையின் பார்வை மாமனாரிடம் போனது, பிறகு டாக்டரிடம், கடைசியாக ஷெர்லினிடம் வந்து நின்றது.

"இதுக்குத்தானாக்கா காலையிலேர்ந்து?"

ஷெர்லினால் நிமிர முடியவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு கை ஃபாரத்தை நோக்கி நீண்டது.

"கால்தான் சார் அசையல. பேனாவக் குடுங்க."