இரண்டுக்கு ஒன்று

மூன்றாவது கம்ப்யூட்டர் மட்டும் படகு ஆபத்தில் இருக்கிறது என்றது.

மற்ற இரண்டும் அப்படி ஒன்றும் இல்லை என்றன.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

மூன்றும் மேலே, ஒரே செயற்கைக்கோளுக்குள் இருந்தன. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்தில் அதை அழுத்தினால், படகு நிற்கும் இடம் மேலே போகும். செயற்கைக்கோள் அதை நாகர்கோவிலில் உள்ள இந்த அறைக்குச் சொல்லும். இங்கிருந்து மீட்புக் கப்பலுக்குச் சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. ஆனால் விண்வெளி அதைச் சும்மா இருக்க விடாது. சூரியனிலிருந்து வரும் துகள்கள் எதையும் துளைத்துக்கொண்டு போகும். கம்ப்யூட்டரின் நினைவில் ஒரு துகள் பட்டால் போதும். ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறிவிடும்.

இல்லாத படகு மூழ்கும்.

அல்லது மூழ்கும் படகு இல்லாமல் போய்விடும்.

அதனால்தான் மூன்று. இரண்டு சொல்வதே செல்லும். தனித்துச் சொல்வதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதை அணைத்து, மற்றவற்றின் நினைவை அதற்குள் நகலெடுத்து, மறுபடி எழுப்ப வேண்டும். அது கேட்டதெல்லாம் அழிந்துவிடும்.

அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

போன ஆடியில் ஒற்றைக் கம்ப்யூட்டரின் பேச்சை நம்பிக் கப்பலை அனுப்பினாள். கொந்தளிப்பில் போன கப்பல் வெறுமனே திரும்பியது. மாலுமி ஒருவருக்குக் கை முறிந்தது. பார்க்கப் போனபோது அவர் ஒன்றும் திட்டவில்லை. காப்பி வாங்கிவரச் சொன்னார். அதை இன்னும் அவளால் தாங்க முடியவில்லை.

அறையிலும் மூன்று பேர். இங்கேயும் அதே வழக்கம்.

"துகள்தான். அணைச்சிரலாம்," என்றான் ஜெரால்டு. "கிறுக்குல சாட்டிலைட்ட வெயிலுக்கு முதுகக் காட்டித் திருப்பிட்டா பேட்டரி செத்துரும். நாலு வருஷத்து உழைப்பு."

அவன் சொன்னதில் தப்பில்லை. நேற்று முழுக்கச் சூரியப் புயல்.

பத்மதாஸ் எட்டி ஜெரால்டின் திரையைப் பார்த்தான். "எனக்கும் அப்படித்தான் தோணுது."

இரண்டு ஓட்டு. முடிந்தது.

செயற்கைக்கோள் தொடுவானத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கிவிட்டால் எதையும் சொல்ல முடியாது. சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அவள் பத்மதாஸின் மேசையைப் பார்த்தாள்.

அவனுடைய திரை அணைந்து கிடந்தது. வெகுநேரமாகவே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு ஓட்டும் ஒரே திரையிலிருந்து வந்தவை.

அந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் புது ரகம். வேகமானவை. எடை குறைக்க, இரண்டுக்கும் பொதுவாக ஒரே நினைவுப் பலகை வைத்தார்கள். அவள் கொடுத்த யோசனைதான். அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், அவளும்தான் தட்டினாள்.

மூன்றாவது பழைய ரகம். தடித்த சிப். கேட்ட உடனே பதில் சொல்லாது என்பதால் ஜெரால்டு அதை மாமனார் என்பான். பக்கத்தில் வைக்க இடம் போதாமல், அதன் சொந்த நினைவோடு, தூர மூலையில் தள்ளிவைத்தார்கள்.

பரீட்சையில் இரண்டு பேர் ஒரே தாளைப் பார்த்து எழுதினால் விடை ஒன்றாகத்தான் இருக்கும். தாளே தப்பாக இருந்தால்?

இரண்டுக்கு ஒன்று இல்லை. ஒன்றுக்கு ஒன்று.

ஜெரால்டின் விரல் கீபோர்டுக்குப் போனது.

அவள் கீபோர்டைப் பிடுங்கினாள். வயர் டீ டம்ளரைத் தட்டிவிட்டது. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேசையிலிருந்து டீ சொட்டியது.

செயற்கைக்கோள் தொடுவானத்துக்குக் கீழே போனது.

அவள் கப்பலுக்குப் போன் போட்டாள். படகின் எண்ணையும் இடத்தையும் படித்தாள்.

"போன தடவ மாதிரி ஆயிராதே, மேடம்?"

கை முறிந்தவரின் குரல்.

தெரியாது என்றாள். ஆனாலும் கிளம்புங்கள் என்றாள்.

கப்பல் கிளம்பியது.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பத்மதாஸ் டீயைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். ஜெரால்டு வெளியே போவதும் வருவதுமாக இருந்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னொரு பொய் அழைப்பு என்றால், இந்த அறையிலிருந்து போகும் எந்த அழைப்புக்கும் இனி ஒரு கப்பலும் அசையாது. நிஜமாகவே மூழ்குகிறவனுக்கும்.

மடியில் இருந்த கீபோர்டை அவள் கீழே வைக்கவில்லை.

செயற்கைக்கோள் திரும்பி வந்தது. வெயிலுக்கு முகத்தைக் காட்டியே வந்தது.

புது ரகம் இரண்டும் அப்படி ஒன்றும் இல்லை என்றன.

மாமனார் தாமதமாகப் பேசினார். அதே படகு. அதே எண். இடம்?

அவள் இரண்டு முறை படித்தாள். கடைசி இலக்கங்கள் மாறியிருந்தன. கொஞ்சம்தான். ஜெரால்டு கடல் வரைபடத்தைத் திறந்து முந்தைய புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவே கோடு இழுத்தான். நீரோட்டம் போகும் திசையிலேயே கோடு போனது.

துகள் பட்டுக் கெட்ட எண் நீரோட்டத்தோடு நகராது.

பத்மதாஸ் தன் மேசைக்குப் போனான். திரையைத் தட்டி எழுப்பினான். குனிந்து, வெகுநேரம், தானே பார்த்தான்.

அவள் கீபோர்டை மேசையில் வைத்தாள். புது இடத்தைச் சொல்லப் போனை எடுத்தாள்.