சந்தேகம் கேட்ட தவளை

ஆபத்தில் தப்பிப்பது எப்படி என்று ஆமை ஆன்லைனில் வகுப்பு நடத்தியது. பாடத்தைவிட விதிகள் அதிகம். முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். சந்தேகங்களைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டால் சான்றிதழ் கிடையாது. கீரிக்குப் பயந்து சேர்ந்த பாம்பு, போன முறை அப்படித்தான் சான்றிதழைக் கோட்டைவிட்டது.

ஒரு நாள் பாடத்தின் நடுவே, குளக்கரையில் இருந்த தவளை தன் போன் திரையில் தனக்குப் பின்னால் அந்தப் பாம்பைப் பார்த்தது. "பாம்பு" என்று அவசரமாக எழுதி அனுப்பியது.

"ஒத்தை வார்த்தையில எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றது ஆமை.

தவளை மறுபடி எழுதியது: "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் பின்னால் ஒரு பாம்பு வந்திருக்கிறது."

"இப்ப நல்லா இருக்கு" என்றது ஆமை.

"என் போன்ல சார்ஜ் இல்ல சார், அதான் இங்கேயே வந்துட்டேன்" என்றது பாம்பு. பிறகு தவளையின் காதோரம், "வகுப்பு முடியட்டும். அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்றது.

கொஞ்ச நேரத்தில் ஆமை பாடத்தை முடித்தது. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றது தவளை. "முதல் பாடத்துலேர்ந்தே இருக்கு."

அது பேச ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று பாம்பு சீறியது.

"யாரது குறுக்கே?" என்றது ஆமை.

"மன்னிச்சிடுங்க சார்."

தவளை இரண்டாம் பாடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கையில்லாத பாம்பு, கேமராவில் தெரியும்படி வாலை உயர்த்திப் பிடித்தபடி, அனுமதிக்காகக் காத்திருந்தது.