நீல ஸ்வெட்டருக்குப் பக்கத்துக் கொக்கி

டேட்டா சென்டர் வாசலில் நீல ஸ்வெட்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும் மார்கழிக் குளிர். டெக்னீஷியன் கனகவல்லி அதைப் போட்டுக்கொண்டுதான் நுழைவாள். பக்கத்துக் கொக்கிகள் இரண்டும் காலி. அங்கே ஸ்வெட்டர் மாட்டிய இருவரும் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாகியும் புதிதாக ஆள் எடுக்கவில்லை.

"ஆயிரம் பேர் நாங்க இருக்கோம், ஆள் எதுக்கு?" என்று பீற்றிக்கொள்ளும் முதல் வரிசை சர்வர்.

ஒருநாள் காலை அந்த சர்வரின் பவர் ஒயர் பாதி கழன்றுவிட்டது. "ஐயோ, யாராவது செருகுங்களேன்!" என்று அலறியது. ஆயிரம் சர்வர்களும் கூடச் சேர்ந்து அலறின. ஒன்றுக்கும் கை இல்லை.

அடுத்த கட்டடத்தையும் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்த கனகவல்லி, இரண்டு மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். அந்த அவசரத்திலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து. சர்வருக்கு உயிர் வந்தது. ஸ்வெட்டருக்கும் உள்ளுக்குள் ஒரு குளுமை.

மறுநாளிலிருந்து ஸ்வெட்டரிடம் சர்வருக்கு ஒரே கேள்விதான்.

"அண்ணே, பக்கத்துக் கொக்கிக்கு யாராச்சும் வந்தாங்களா?"

பத்தாம் நாள் ஸ்வெட்டர் சொன்னது: "வந்துட்டாங்கப்பா. சிவப்பு, முழுக்கை."

சர்வர் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "கம்பளி நல்லா கெட்டியா இருக்காண்ணே? குளிருதுன்னு ஓடிடமாட்டாங்களே?"